ஆத்தா கேட்ட மரம்

கல்யாண வீடுகளில் இப்போது வயதான நம்மையெல்லாம் முதல் பந்தியிலேயே உட்கார வைத்துவிடுகிறார்கள். பாயசம் வந்ததும் நீங்கள் முந்திரிப் பருப்பை இலை ஓரத்துக்குத் தள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குப் பல் இல்லை. நானும் தள்ளுகிறேன். எனக்குப் பல் இருக்கிறது. போன மாதம் ஒருவர், "உமக்கு என்னய்யா வந்துச்சு, கடிக்க வேண்டியதுதானே?" என்று கேட்டார். பந்தியில் சொல்கிற விஷயம் இல்லை என்பதால் கை கழுவ எழுந்து போய்விட்டேன். எழுதியாவது வைக்கலாம் என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வீரபாண்டிக்குத் தெற்கே, முல்லையாற்றங்கரையில். இரண்டு போகம் நெல் விளையும் பூமி. வெள்ளைக்காரன் மலையில் அணை கட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்ட பிறகு எங்கள் ஆட்களுக்குத் தண்ணீரைத் தவிர வேறு மருந்து தெரியாமல் போனது. பயிர் வாடினால் தண்ணீர். மாடு சோர்ந்தால் தண்ணீர். மயங்கி விழுந்தவன் முகத்தில் ஒரு செம்பு, வாயில் ஒரு செம்பு. அய்யாவுக்கு நஞ்சையில் கொஞ்சம், சாலைக்கு மேற்கே மலையடிப் பக்கம் கல்லும் மண்ணுமாகப் புஞ்சையில் கொஞ்சம். அண்ணனுக்கு விவசாயத்தில் மனம் ஒட்டவில்லை. வண்டி ஓட்டினார். மிளகாயும் புளியும் ஏற்றிக்கொண்டு கிழக்கே போய், திரும்பும்போது உப்பும் கருவாடும் கொண்டுவருவார். எனக்கும் அவருக்கும் நடுவில் ஒரு அக்கா இருந்தாள். நான் பிறக்கும் முன்பே அம்மையில் போய்விட்டாள்.

அப்படி ஒரு நடையில்தான் அண்ணன் மதினியைப் பார்த்தார். திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலை ஒட்டிச் செம்மணல் மேடு மேடாகக் கிடக்கும் தேரிக்காடு. எங்கள் சாதிசனம்தான், ஏதோ ஒரு பஞ்சத்தில் கிளம்பி அங்கே போய்த் தங்கிவிட்ட குடும்பம். அய்யா போய்ப் பேசி முடித்தார். அம்மாவுக்கு விருப்பமில்லை. ஆனால் அண்ணன் சாப்பிடாமல் இருந்து சாதித்துவிட்டார்.

மதினி வந்து இறங்கியபோது எனக்கு ஏழு வயதிருக்கும். ஒரு தகரப்பெட்டி, ஒரு ஓலைப்பெட்டி. ஓலைப்பெட்டியில் கருப்பட்டியும், ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெயும், துணியில் முடிந்த ஒரு பொட்டலமும் இருந்தன. அம்மா பொட்டலத்தை அவிழ்த்தாள்.

"என்னத்தா இது, ஆட்டுக் குண்டிக்காயக் காயவச்ச மாதிரி இருக்கு?"

"கொல்லாங்கொட்டை அத்தை. முளைக்கப் போடலாம்னு கொண்டாந்தேன். நல்லா வரும், பாத்துக்கிடுதேன்."

கூடி நின்ற பெண்கள் சிரித்தார்கள். கொட்டைக்காக இல்லை. 'பாத்துக்கிடுதேன்' என்ற பேச்சுக்காக. எங்கள் பக்கம் 'பாத்துக்கிறேன்' என்போம். அதற்குப் பிறகு ரொம்ப நாள் தெருப்பிள்ளைகளுக்கு அவள் 'பாத்துக்கிடுதேன்' மதினிதான். முந்திரியைத்தான் அவள் கொல்லா என்றாள். நாங்கள் யாரும் அதுவரை அதன் மரத்தைப் பார்த்தது கிடையாது.

கொட்டைகளைப் பானைத் தண்ணீரில் போட்டாள். மிதந்ததை எறிந்தாள். மூழ்கியதில் ஒன்றைக் கொல்லையில் ஊன்றினாள். முளை வந்த விதத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மண்ணை முட்டிக்கொண்டு ஒரு தண்டு வளைந்து வந்தது; பிறகு நிமிர்ந்து, தலையில் தடிப்பாக இரண்டு பருப்பை விரித்தது. யாரோ மண்ணுக்குள்ளிருந்து இரண்டு உள்ளங்கையைக் காட்டி ஏதோ கேட்பதுபோல இருக்கும். அப்புறம் தளிர் வந்தது, சிவப்பாக, ஈரமாக, புதுக்குழந்தையின் காது மாதிரி.

அதை அம்மா கொன்றாள். வேண்டுமென்று இல்லை. பிரியத்தில்தான். காலையில் அரிசி கழுவின தண்ணீரை அதற்கு ஊற்றினாள். மத்தியானம் ஒரு குடம். சாயங்காலம் இலை தொங்குகிறதே என்று இன்னொரு குடம். புது மருமகள் மாமியாரிடம் 'ஊற்றாதீர்கள்' என்று எப்படிச் சொல்வாள்? என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, உங்க அம்மாட்ட நீ சொல்லேன். இது மணல்ல வளருற சாதி. இம்புட்டுத் தண்ணிய அது தாங்காது."

நான் போய்ச் சொன்னேன். அம்மா குடத்தைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "பச்சப்பிள்ள மாதிரி இருக்கு. தண்ணி காட்டாம எப்பிடிடா மனசு வரும்?"

வேர் அழுகிச் செடி சாய்ந்தது. அம்மாவுக்கு நிஜமாகவே வருத்தம். "உங்க ஊரு மரத்துக்கு எங்க ஊரு தண்ணி ஒத்துக்கலத்தா" என்றாள். எல்லாரும் சிரித்தோம். மதினியும் சிரித்தாள். அன்றைக்கு அதில் சிரிப்புதான் இருந்தது.

இரண்டாவது கன்றை அவள் வீட்டுப் பக்கமே வைக்கவில்லை. சாலைக்கு மேற்கே புஞ்சையில் ஒரு மேட்டைப் பிடித்தாள். ஆற்று மணலைக் கூடையில் சுமந்து போய்க் குழியில் கொட்டினோம், அவள் பெரிய கூடை, நான் சின்னக் கூடை. சாலையில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

"ஏத்தா, இம்புட்டு நல்ல மண்ணு கெடக்குற ஊர்ல வந்து மணலச் சுமக்கிறியே, கிறுக்கா உனக்கு?" என்றார் ஒருவர்.

"ஆமா மாமா, கிறுக்குதான்" என்று சொல்லிவிட்டு மதினி அடுத்த கூடைக்குப் போனாள்.

ஆட்டுக்குப் பயந்து கிளுவை முள்ளால் வேலி கட்டினோம். முதல் கோடையில் மட்டும் ஒரு சின்னக் கலயத்தில் அளந்து ஊற்றினாள். ஆடியில் கணவாய்க் காற்று இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும், ஆளைத் தள்ளும். கன்று தரையோடு படுத்துவிட்டது. நான் அழுதேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து தண்டைத் தடவிப் பார்த்தாள். "கடக்கரைக் காத்துல வளருற மரம்டே இது. படுத்துக்கிட்டே வளரும்." அப்படியே செய்தது. நிமிர்ந்து நிற்காமல், முழங்கையை ஊன்றிச் சாய்ந்திருக்கும் ஆள் மாதிரி பக்கவாட்டில் படர்ந்தது. மதினி வேலை முடிந்ததும் அங்கே போய், தாழ்ந்த கிளையில் உட்கார்ந்துவிடுவாள். அவளைத் தேடச் சொன்னால் நான் நேராக அங்கேதான் ஓடுவேன்.

மூன்றாவது வருடம் பூத்தது. சின்னச் சின்னதாக, வெள்ளையில் சிவப்புக் கோடு. வாசம் புஞ்சையைத் தாண்டிச் சாலைக்கு வந்தது. பிறகு காய்த்ததைப் பார்க்க ஊரே வந்தது. முதலில் கொட்டை வருகிறது, பச்சையாக. அதற்குப் பின்னால் பழம் ஊதிக்கொண்டு வருகிறது. கொட்டை பழத்துக்கு உள்ளே இல்லை, வெளியே தொங்குகிறது.

"உள்ள வைக்கிறத மறந்துட்டு வந்துருச்சு போல" என்று ஒரு பெரியவர் சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அடுத்த வீட்டுப் பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. மதினியின் வயிற்றைப் பார்த்துக்கொண்டே, "மரம் காச்சிருச்சு. நட்டவ இன்னும் காய்க்கலியே" என்றாள். மதினி குனிந்து பழம் பொறுக்க ஆரம்பித்தாள்.

பழத்தை அரிந்து உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருவாள். இனிப்பாகத் தொடங்கித் தொண்டையைப் பிடிக்கும். சாறு சட்டையில் பட்டால் அந்தக் கறை சட்டை கிழியும் மட்டும் போகாது. கொட்டை சுடுவதை மட்டும் தனியாகத்தான் செய்வாள். முழங்கை வரை தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டி, ஓட்டைத் தகரத்தில் போட்டு வறுப்பாள். கொட்டையின் மேல்தோடு தீப்பிடித்துக் கரும்புகை எழும்பும். என்னைத் தூரத்திலேயே நிறுத்திவிடுவாள்.

"தோட்டுல ஒரு பால் இருக்கு. பட்டா வெந்துரும். சுட்ட பிறகு வா, ராசா மாதிரி தின்னலாம்."

அந்தச் சித்திரையில் அம்மை வந்தது.

வீரபாண்டி அம்மன் கோயிலில் திருவிழாக் கம்பம் நட்டுவிட்டார்கள். பெண்கள் ஈரச்சேலையோடு ஆற்றிலிருந்து குடம் சுமந்து போய்க் கம்பத்துக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் தெருவிலேயே சில வாசல்களில் வேப்பிலை தொங்கியது. அந்த வீடுகளைக் கடக்கும்போது அம்மா என் கையை இறுக்கிப் பிடிப்பாள். அக்கா போனது அம்மையில் என்று சொன்னேன். அவளுக்கு எரிச்சல் தாங்கவில்லை என்று அம்மா கொஞ்சம் விளக்கெண்ணெய் தொட்டுத் தடவினாளாம். அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது. உடம்பில் ஆத்தா வந்திருக்கும்போது எண்ணெய் தடவியதால்தான் பிள்ளை போனாள் என்று ஊர் சொன்னது. ஊர் கொஞ்ச நாளில் மறந்துவிட்டது. அம்மா மறக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் புஞ்சையில் உதிர்ந்து கிடந்த பச்சைக் கொட்டை ஒன்றை எடுத்துக் கல்லில் வைத்து நசுக்கினேன். உடையவில்லை. பல்லால் கடித்துத் தோலை உரித்தேன். பால் தெறித்தது. கையைக் கழுத்திலும் வயிற்றிலும் துடைத்துக்கொண்டு, வெயிலில் விளையாடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் விடிந்தபோது உதடு தடித்துத் தொங்கியது. வாயைச் சுற்றி, கழுத்தில், வயிற்றில் கொப்புளம். வெயில் காய்ச்சலும் சேர்ந்துகொண்டது.

அம்மா என்னைப் பார்த்தாள். கையிலிருந்த விளக்குமாற்றைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டாள்.

"வந்துட்டியா தாயே?"

"அம்மா, கொட்டையக் கடிச்சேம்மா. அதேன் இப்பிடி."

அம்மா பின்வாங்கினாள். என்னை அவள் பார்த்த பார்வையில் நான் இல்லை. "என்ன தாயே சொல்ற? எங்களுக்குப் புரியலையே" என்றாள்.

உங்களில் பலருக்கு இது தெரிந்திருக்கும். அம்மை கண்ட பிள்ளை பேசினால் அது பிள்ளையின் பேச்சு இல்லை. உள்ளே இருக்கிற ஆத்தா பேசுகிறாள் என்று அர்த்தம். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். என்னை வேப்பிலை மேல் படுக்க வைத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் வெளியே போகக் கூடாது என்றாகிவிட்டது. தெருக்கோயில் பூசாரி மட்டும் வந்தார். நல்ல மனிதர்தான். கோயில் கூழை எனக்கு எப்போதும் இரண்டு கரண்டி கூட ஊற்றுவார். அவர் என் கால் பக்கம் விழுந்து கும்பிட்டபோது காலை மடக்கி இழுத்துக்கொண்டேன்.

"இந்த வருசம் மழை உண்டா தாயே?"

"பசிக்குது."

"கூழு கேக்குறா" என்று அம்மாவிடம் திரும்பிச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "என்ன குத்தம் கண்டு வந்த தாயே? சொல்லு, நிவர்த்தி பண்ணிருவோம்."

"ஒரு குத்தமும் இல்ல. மரத்தாலதேன் வந்துச்சு."

"எந்த மரம்?"

"மதினி மரம். புஞ்சையில நிக்கிதுல்ல, அது."

பூசாரி நிமிர்ந்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அய்யா சுவரோரம் நின்றிருந்தார்.

"நான் ஆத்தா இல்ல, நாந்தேன் பேசுறேன்!" என்று கத்தினேன்.

"விளையாடுறா" என்றார் பூசாரி.

"மதினியக் கேளுங்க! அவுகளுக்குத் தெரியும்!"

"மருமகளுக்குத் தெரியுமாம்" என்று அவர் மெதுவாகச் சொன்னார். எல்லாரும் திரும்பி மதினியைப் பார்த்தார்கள்.

அவள் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அத்தை, இது அம்மை இல்லை. கொட்டைப்பால் பட்டிருக்கு. எங்க ஊர்ப் பிள்ளையளுக்கு வருசா வருசம் வரும். தேங்காயெண்ணெயத் தொட்டுப் போட்டா உரிஞ்சு விழுந்துரும்."

"எண்ணெயா?" என்றாள் அம்மா.

எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் சொன்னால் கேட்கிறார்கள் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு, எனக்குத் தெரிந்த மாதிரி உடம்பை ஆட்டி, "மதினி நல்லவுக. மரத்தையும் ஒண்ணும் பண்ணாதீக" என்றேன்.

பூசாரி தலையை ஆட்டினார். "இது பிள்ளை பேச்சு."

"எப்பிடிச் சொல்றீக?" என்று அய்யா கேட்டார். அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

"குரல் மாறிருச்சுல்ல?"

என் குரல் மாறவே இல்லை. எத்தனையோ ஊரில் எத்தனையோ சாமியாடிகளையும் மேடைப் பேச்சுக்காரர்களையும் அதற்குப் பிறகு பார்த்துவிட்டேன். கேட்கிறவர்கள் எதைக் கேட்க வந்தார்களோ அதைச் சொல்லும்போதுதான் சாமி பேசுகிறது. மற்ற நேரத்தில் ஆள் பேசுகிறான். பத்து வயதில் இதைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. வேப்பிலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படுத்திருந்தேன். உதடு நெருப்பாக எரிந்தது.

மறுநாள் மத்தியானம் அம்மா கூழ் காய்ச்சக் கொல்லைப் பக்கம் போனாள். மதினி உள்ளே வந்தாள். விரல் நுனியில் எண்ணெய்.

"சிரிக்கக் கூடாது. உதட்டை அசைக்கக் கூடாது. ஆத்தா கோவிச்சுக்கிடுவா" என்று கண்ணைச் சிமிட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் விரல் பட்ட இடம் குளிர்ந்தது. வாயைச் சுற்றித் தடவினாள். கழுத்துக்கு வந்தாள். அப்போது வாசலில் அம்மா நின்றாள்.

அம்மா கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையிலிருந்த கூழ்ச்சட்டியை இறக்கிவைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு பிள்ளைய எண்ணெய்க்குக் குடுத்தவ நான். இவனையும் குடுக்கணுமா?"

"அத்தை, நான் பொய் சொல்லல. சத்தியமா."

"நீ பொய் சொல்லலத்தா" என்றாள் அம்மா. குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "உனக்கு எங்க ஆத்தாளத் தெரியாது. அம்புட்டுத்தேன்."

அம்மை கண்ட வீட்டிலிருந்து யாரையும் வெளியே அனுப்ப முடியாது. அதனால் மதினியை மாட்டுக்கொட்டத்துக்கு அனுப்பினார்கள். எண்ணெய்ப் பாட்டிலை அம்மா உடைத்துக் கொல்லையில் புதைத்தாள். என் முகத்தை மஞ்சள் தண்ணீரால் துடைத்துக்கொண்டே இருந்தாள், அழுதாள், என்னை 'தாயே' என்று கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அந்த ஒரு தடவை எண்ணெயோ, தானாக ஆறும் நேரமோ, கொப்புளம் வற்றத் தொடங்கியது. தோல் கறுத்து உரிந்தது.

"பாத்தீகளா? அவ வெளிய போனா, ஆத்தா இறங்கிட்டா" என்று அம்மா அய்யாவிடம் சொன்னாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன்னாலும் பின்னாலும் கண்டதில்லை. அதனால்தான் அம்மாவை என்னால் முழுசாக வெறுக்க முடியாமல் போயிற்று.

வெகுகாலம் கழித்துக் கொல்லத்தில் முந்திரிக் கிடங்கு ஒன்றில் மூட்டை தூக்கினேன். தோடு உடைக்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கையெல்லாம் கறுத்து வெடித்திருக்கும். சிலருக்கு உதட்டைச் சுற்றிக் கொப்புளம். எண்ணெயும் சாம்பலும் பூசிக்கொண்டு, சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டு வேலை செய்வார்கள். யாரும் அவர்களைக் கும்பிடவில்லை. நான் அங்கே அதிக நாள் இருக்கவில்லை.

கொப்புளம் உரிந்து முடிந்ததும் எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். அதோடு வீடு திறந்தது. திறந்த அன்றைக்கே அய்யா அரிவாளையும் கோடரியையும் எடுத்துக்கொண்டு புஞ்சைக்குப் போனார். பூசாரி வேப்பிலையோடு முன்னால் நடந்தார். அண்ணன் வரவில்லை. மாட்டுக்கு லாடம் அடிக்க வேண்டும் என்று எங்கோ போய்விட்டார். மதினி வந்தாள். யாரும் வரச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

கிளையெல்லாம் பச்சைக் கொட்டை. அய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோடரியை ஓங்கியபோது மதினி வேலிக்கு வெளியே நின்று சொன்னாள்:

"மாமா, கையில துணியைச் சுத்திக்கிடுங்க. பால் தெறிச்சா வெந்துரும்."

அய்யா ஒரு நொடி நின்றார். பூசாரி அவர் முகத்தைப் பார்த்தார். அய்யா துணி சுற்றிக்கொள்ளவில்லை. வெட்டினார். அந்த மரம் நிமிர்ந்து வளராததால் விழுவதற்கும் ஒன்றும் இல்லை. இருந்த இடத்திலேயே துண்டு துண்டாகப் போயிற்று. காய்த்த கிளைகளை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு போய் அய்யா ஒரு பக்கம் குவித்தார். மதினி கடைசி வரை நின்று பார்த்தாள். அழவில்லை. வேலி முள்ளைப் பிரித்துக் கட்டாகக் கட்டி, அடுப்புக்கு ஆகும் என்று வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை அண்ணன் வண்டி பூட்டினார். "ஆத்தா கோவம் தணியட்டும். ஆடி கழிஞ்சு கூட்டிக்கிட்டு வந்துருவோம்" என்று அம்மா சொன்னாள். ஆடி கழிந்து யாரும் கூட்டி வரப்போவதில்லை என்பது வண்டியில் பூட்டிய மாட்டுக்கும் தெரிந்திருக்கும். மதினி அம்மா காலில் விழுந்தாள். அம்மா விபூதி பூசிவிட்டாள். என் உதட்டை ஒரு தரம் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லா உரிஞ்சிருக்கு" என்றாள் மதினி. தகரப்பெட்டியும் ஓலைப்பெட்டியும் ஏறின. வண்டி தேனிச் சாலையில் திரும்பியது. நான் அவளைப் பார்த்தது அதுதான் கடைசி.

பின்னாளில் ஒருமுறை தேரிக்காட்டுப் பக்கம் போனபோது விசாரித்தேன். சொந்தக்காரர்களோடு சிலோனுக்குப் போய்விட்டாள் என்றார்கள். நானும் சிலோனுக்குப் போனேன், வேறு வேலையாக. தேடவில்லை. எங்கே என்று தேடுவது?

வண்டி போன அன்று சாயங்காலம் அய்யா வாய்க்காலில் உட்கார்ந்து இரண்டு கையையும் முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டுக்கொண்டிருந்தார். மாடு பிடிக்கப் போன என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே, இங்கன வா."

கையை வெளியே எடுத்துக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து மேலே, மார்பு வரை, எனக்கு வந்த அதே கொப்புளம்.

"ஒனக்கும் இப்பிடித்தான வந்துச்சு? மொதல்ல அரிச்சு, அப்புறம் எரிஞ்சு?"

"ஆமாய்யா."

ஒரு கொப்புளத்தை விரலால் ஒத்திப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அன்னைக்கு மரத்தாலன்னு சொன்னியே. அது யாருடா சொன்னது? ஆத்தாளா?"

"நாந்தேன்யா சொன்னேன்."

அவர் தலையை ஆட்டினார். தெரிந்த ஒன்றைத் திரும்பக் கேட்டவர் மாதிரி.

"அய்யா, வண்டி இன்னும் ஆண்டிபட்டி தாண்டியிருக்காது. கணவாய்க்கு முன்னால அண்ணன் மாட்ட அவுத்துப் போட்டுத் தங்குவாரு. வாத்தியார் சைக்கிளக் கேப்போம். நீங்க ஆரையாச்சும் அனுப்புங்க."

"அனுப்பி?"

"மதினியக் கூட்டியாரச் சொல்லுங்க."

"ஒங்கம்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

"இந்தக் கையக் காட்டுங்க."

"காட்டுனா வேப்பிலைய ஒடிச்சுக்கிட்டு வருவா."

"அப்ப ஆத்தான்னு ஒங்ககிட்டதானய்யா கேப்பாக? நீங்க சொல்லுங்க. நீங்க பெரியவுக. நீங்க சொன்னாக் கேப்பாக."

அய்யா என்னை ஏறிட்டுப் பார்த்தார். அவர் எழுந்துவிடுவார் என்றே நினைத்தேன். வாத்தியார் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். சூரியன் மலைக்கு மேலே நின்றது, இருட்ட நேரமிருந்தது. ஊரறிய வெட்டிய மரம், பூசாரி, தெரு, இத்தனை வருடத்துக்குப் பிறகு தூங்கத் தொடங்கியிருக்கிற மனைவி என்று என்னென்ன அவர் மனதில் ஓடியிருக்கும் என்பதை இப்போது என்னால் அடுக்க முடிகிறது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அவர் மறுபடியும் கைகளைத் தண்ணீருக்குள் விட்டார் என்பதுதான்.

"மாட்டப் பிடிச்சுக்கிட்டுப் போ" என்றார். "அம்மாகிட்ட ஒண்ணும் சொல்லாத."

வீட்டில் துண்டைப் போர்த்திக்கொண்டே சாப்பிட்டார். என்ன ஆயிற்று என்று அம்மா கேட்டதற்கு, முள் கிழித்தது என்றார். அம்மா மஞ்சள் அரைத்துக் கொடுத்தாள். வயலில் வேலை இருக்கிறது என்று சொல்லிக் கொஞ்ச நாள் காவல் குடிசையிலேயே படுத்துக்கொண்டார்.

அண்ணன் உப்பு ஏற்றிக்கொண்டு தனியாகத் திரும்பி வந்தார். ஆவணியில் கம்பம் ஊர்ப் பக்கம் அவருக்கு வேறு பெண் பார்க்கப் போனோம். கொப்புளம் ஆறியும் அய்யாவின் கைகளில் கறுப்புத் தழும்பு போகவில்லை. கோயிலுக்கும் கோர்ட்டுக்கும்கூடத் துண்டோடு போகிறவர் அன்றைக்கு ஒரு முழுக்கைச் சட்டை வாங்கிப் போட்டிருந்தார். நல்ல வெக்கை. பெண் வீட்டுக்காரர்கள் விசிறி கொடுத்து, "சட்டையக் கழட்டிட்டு உக்காருங்க சம்மந்தி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வேர்வை சொட்டச் சொட்ட, இருக்கட்டும் இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டே, மணிக்கட்டுப் பொத்தானைக்கூட அவிழ்க்காமல் வெற்றிலைத் தட்டை வாங்கிக்கொண்டார்.